நடக்க இயலாதவர் நடத்திய தேசம்



ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு நிர்வாகக் குழுவினர் நம்மிடம் கேட்டபோது, யாருடைய வாழ்வை எழுதுவது என்று சில நாட்கள் யோசித்தோம். அவ்வேளையில், மத்ரஸாவில் நம்முடன் ஒரே விரிப்பில் அமர்ந்து கிதாபு ஓதிய தோழர் ஒருவர் நினைவில் வந்து நின்றார். குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிப் போனவர். ஒரு கட்டையைக் கக்கத்தில் ஊன்றி, மற்றொரு கையால் கிதாபுகளை நெஞ்சோடு அணைத்தபடி மாடிப்படி ஏறி வருவார். வகுப்பிற்கு அவர் தாமதமாக வந்து நாம் பார்த்ததில்லை. நாம்தான் தாமதமாகச் சென்றிருக்கிறோம்.

அவரைத் தாக்கிய அதே நோயால் இரு கால்களையும் இழந்து, அதன் பிறகு நான்கு முறை அமெரிக்காவின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பிராங்க்ளின் டெலானோ ரூஸ்வெல்ட். அவர் நம் நாட்டவரல்லர், நம் மார்க்கத்தவருமல்லர். அவர் செய்த அனைத்தையும் நாம் ஏற்கப் போவதுமில்லை. எனினும், சோதனை வந்தபோது ஒரு மனிதர் எப்படி நின்றார் என்பதை அறிந்து கொள்வதில் நமக்கு நன்மை உண்டு என்று கருதியே இதை எழுதுகிறோம்.

செல்வத்தில் பிறந்தவர்

1882-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் நதிக்கரையிலுள்ள ஹைட் பார்க் என்னும் ஊரில் ரூஸ்வெல்ட் பிறந்தார். தந்தை ஜேம்ஸ்; தாயார் சாரா. பரந்த பண்ணையும் பெரும் மாளிகையும் உடைய குடும்பம். தாய்க்கு அவர் ஒரே பிள்ளை. குரோட்டன் பள்ளியிலும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் கல்வி பயின்றார். பின்னர் கொலம்பியாவில் சட்டம் படித்தார். 1905-இல் தம் தூரத்து உறவினரான எலியனோரை மணந்தார். அப்போது ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், மணப்பெண்ணுக்குப் பெரிய தந்தை முறையினர். அவரே முன்னின்று மணமகளைக் கரம் பிடித்துக் கொடுத்தார்.

1910-இல் நியூயார்க் மாநில செனட்டுக்குத் தேர்வானார். 1913 முதல் 1920 வரை கடற்படையின் துணைச் செயலாளராகப் பணியாற்றினார். 1920-இல் ஜனநாயகக் கட்சி அவரைத் துணை ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியது. அத்தேர்தலில் அவர் கட்சி தோற்றது என்றாலும், அவருக்கு எதிர்காலம் உண்டு என்பதை எவரும் மறுக்கவில்லை. நெடிய உருவம், அழகிய தோற்றம், நீச்சலிலும் படகோட்டுவதிலும் தேர்ந்த உடல், குடும்பப் பெயர், பணம், பதவி என்று உலகம் விரும்பும் யாவும் அவரிடம் இருந்தன. ஆனால் அவை யாவும் அவருக்குச் சிரமமின்றி வந்தவை என்பதும் உண்மை.

ஒரு வாரத்தில் மாறிய வாழ்வு

1921-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கனடா நாட்டைச் சேர்ந்த காம்போபெல்லோ என்னும் தீவிலுள்ள தம் கோடை இல்லத்தில் குடும்பத்துடன் தங்கியிருந்தார். 10-ஆம் நாள் பிள்ளைகளோடு படகில் சென்றவர், வழியில் ஒரு தீவில் காடு தீப்பற்றி எரிவதைக் கண்டு இறங்கி, அதை அணைக்க உதவினார். அதன் பின் குளிர்ந்த நீரில் நீந்தினார். வீடு திரும்பியதும் நனைந்த உடையுடனேயே அமர்ந்து தபால்களைப் படித்தார். உடல் நடுங்கியது, உணவு உண்ணாமல் படுக்கைக்குச் சென்றார். மறுநாள் ஒரு கால் தளர்ந்தது. அதற்கு மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை. அப்போது அவருக்கு வயது 39.

முதலில் வந்த மருத்துவர்கள் நோயை அறியவில்லை. இரத்தம் உறைந்ததால் வந்த கோளாறு என்று எண்ணிக் கால்களைப் பிடித்துவிடச் சொன்னார்கள். மனைவியும் நண்பரும் இரவு பகலாக அதைச் செய்தார்கள். அது வேதனையைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. ஆகஸ்ட் 25-ஆம் நாள் வந்த லோவெட் என்னும் நிபுணரே இது இளம்பிள்ளை வாதம் என்று கண்டு கூறினார். நோய்க்குறிகளை மறு ஆய்வு செய்த மருத்துவர் சிலர், அது வேறொரு நரம்பு நோயாக இருந்திருக்கலாம் என்று 2003-இல் எழுதினர். எப்படியாயினும் விளைவு ஒன்றே. இடுப்புக்குக் கீழே கால்கள் செயலிழந்தன. மீண்டும் அவை அவருக்குப் பயன்படவே இல்லை.

1922-இன் தொடக்கத்தில் கால் தசைநார்கள் சுருங்கி முழங்கால்கள் மடங்கத் தொடங்கின. அவற்றை நீட்ட மாவுக்கட்டுப் போட்டு, முழங்காலுக்குப் பின்னே ஆப்பு வைத்து, நாள்தோறும் அதைச் சிறிது சிறிதாக உள்ளே செலுத்தினார்கள். அந்த வேதனையை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று உடனிருந்தோர் பதிவு செய்துள்ளனர்.

இரு கருத்துகள்

அவருடைய எதிர்காலம் குறித்து இல்லத்தில் இரு கருத்துகள் எழுந்தன. தாயார் சாரா, மகன் ஹைட் பார்க்கிற்குத் திரும்பி, பண்ணையையும் புத்தகங்களையும் பார்த்துக் கொண்டு அமைதியாக வாழ வேண்டும் என்று விரும்பினார். அது தாயின் பாசம். அதில் குறை காண இயலாது. ஆனால் மனைவி எலியனோரும், லூயி ஹோவ் என்னும் நண்பரும் அதற்கு உடன்படவில்லை. அவரை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டால், கால்களைப் போலவே உள்ளமும் செயலிழந்துவிடும் என்று அவர்கள் கருதினார்கள்.

லூயி ஹோவ் ஒரு பத்திரிகையாளர், மெலிந்த உடலினர், ஆஸ்துமா நோயாளி. தம் பிழைப்பைப் பெரிதாக எண்ணாமல் நண்பரின் வீட்டிலேயே வந்து தங்கினார். 1936-இல் இறக்கும் வரை ரூஸ்வெல்ட்டின் உயர்வைத் தம் உயர்வாகவே எண்ணி உழைத்தார். எலியனோரோ, இயல்பிலேயே கூச்ச சுபாவம் உடையவர். கணவரின் பெயர் மக்களுக்கு மறந்துவிடக் கூடாது என்பதற்காக மேடையேறிப் பேசக் கற்றுக் கொண்டார். பிற்காலத்தில் சுரங்கங்கள், சிறைகள், சேரிகள், மருத்துவமனைகள் என்று கணவர் செல்ல முடியாத இடங்களுக்கெல்லாம் சென்று, கண்டவற்றை வந்து கூறினார். ஒரு விடுதியைப் பார்வையிடச் சென்றால், அங்கே எழுதி வைத்த உணவுப் பட்டியலைப் படிக்காமல், அடுப்பிலுள்ள பாத்திரத்தைத் திறந்து பார்க்குமாறு ரூஸ்வெல்ட் அவருக்குப் பயிற்சி அளித்திருந்தார். ஊனமுற்ற ஒருவர் நிமிர்வதற்கு அவருடைய மனவுறுதி மட்டும் போதாது. அவரால் முடியும் என்று நம்புகின்ற இருவராவது அருகில் இருக்க வேண்டும் என்பதை இங்கே நாம் கவனிக்க வேண்டும்.

விழுந்து எழுந்த ஆண்டுகள்

இடுப்பிலிருந்து பாதம் வரை நீளும் காலிப்பர் எனப்படும் இரும்புத் தாங்கிகளை அணிந்து, முழங்காலில் பூட்டிக் கொண்டால்தான் அவரால் நிற்க முடியும். வீட்டு வாயிலிலிருந்து நெடுஞ்சாலை வரையுள்ள பாதையை ஊன்றுகட்டைகளில் கடந்துவிட வேண்டும் என்று நாள்தோறும் முயன்றார். வியர்வை சொட்டச் சொட்டச் சிறிது தூரம் சென்று திரும்புவார். தீ விபத்து ஏற்பட்டால் பிறரை எதிர்பார்க்காமல் வெளியேற வேண்டும் என்பதற்காகத் தரையில் தவழ்ந்து பழகினார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளை, பணியாளர்கள் பார்த்திருக்கத் தவழ்ந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். 1922-இல் நியூயார்க்கில் தம் அலுவலகத்திற்குச் சென்றபோது, வழவழப்பான பளிங்குத் தரையில் கட்டை சறுக்கி, பலர் முன்னிலையில் கீழே விழுந்தார். சிரித்தவாறே அங்கிருந்தவர்களை உதவிக்கு அழைத்து எழுந்து சென்றார்.

1924-இல் கட்சி மாநாட்டில் ஒருவரை வேட்பாளராக முன்மொழியும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. மகன் ஜேம்ஸ் மேடை வரை உடன் வர, இறுதிச் சில அடிகளை ஊன்றுகட்டைகளின் உதவியால் தாமே கடந்து பேச்சு மேடையைப் பற்றிக் கொண்டார். அந்தச் சில அடிகளுக்காக வாரக்கணக்கில் பயிற்சி செய்திருந்தார். அவர் முன்மொழிந்தவர் வெற்றி பெறவில்லை. ஆனால் முன்மொழிந்தவரை நாடு மறக்கவில்லை.

அதே ஆண்டின் பிற்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் இயற்கையான வெந்நீர் ஊற்று இருப்பதாகவும், அதில் நீந்திய ஓர் இளைஞர் நலம் பெற்றதாகவும் கேள்விப்பட்டு அங்கே சென்றார். நீர் உடலைத் தாங்கியதால் கால்களை அசைக்க முடிந்தது. செய்தி பத்திரிகையில் வெளியானதும் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் போலியோ நோயாளிகள் அங்கு வரத் தொடங்கினர். அவர்களைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. 1926-இல் அவ்விடத்தைச் சுமார் 2,00,000 டாலருக்கு விலைக்கு வாங்கினார். அது அவருடைய சொத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகும். தம்மைக் குணப்படுத்தாத ஊற்றைப் பிறருக்காக வாங்கினார் என்பது சிந்திக்கத்தக்கது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அக்காலத்து இனப் பாகுபாட்டின்படி கறுப்பின நோயாளிகளுக்கு அங்கே இடமளிக்கப்படவில்லை. அவர்களுக்கென டஸ்கீகியில் தனிச் சிகிச்சை நிலையம் 1941-இல்தான் திறக்கப்பட்டது. தாம் நோயுற்றபோது மாளிகைவாசிக்குக் கிடைத்த கருணை, தோலின் நிறம் காரணமாகப் பிறருக்குக் கிடைக்காமற் போனது.

ஏழு ஆண்டுகள் கழிந்தன. 1928-இல் நியூயார்க் மாநில ஆளுநர் தேர்தலில் ஏறத்தாழ 25,000 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். இரண்டாண்டுகள் கழித்து அதே பதவிக்கு ஏழு லட்சத்திற்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

முதல் நெருக்கடி

1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, விளைபொருட்களின் விலை வீழ்ந்தது, ஆயிரக்கணக்கான வங்கிகள் முறிந்தன. உழைக்கத் தக்கவர்களில் நால்வருக்கு ஒருவர் வேலையற்றுப் போனார். ரொட்டிக்காகவும் கஞ்சிக்காகவும் மக்கள் வீதியில் வரிசையில் நின்றார்கள். இச்சூழலில் நடந்த 1932 தேர்தலில் 48 மாநிலங்களில் 42-ஐ வென்று ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானார்.

பதவியேற்கும் முன்பே உயிருக்கு ஆபத்து வந்தது. 1933 பிப்ரவரி 15-ஆம் நாள் மியாமி நகரில் ஒருவன் அவரை நோக்கிச் சுட்டான். குண்டு அவர் மீது படாமல், அருகில் நின்ற சிகாகோ நகர மேயர் செர்மாக்கைத் தாக்கியது. காயமுற்றவரைத் தம் காரில் ஏற்றச் செய்து, மருத்துவமனை செல்லும் வரை தாங்கிப் பிடித்துக் கொண்டார். செர்மாக் மார்ச் 6-ஆம் நாள் மரணமடைந்தார்.

மார்ச் 4-ஆம் நாள் அவர் பதவியேற்றபோது, பெரும்பாலான மாநிலங்களில் வங்கிகள் மூடப்பட்டோ, கட்டுப்படுத்தப்பட்டோ இருந்தன. உடனடியாக நாடெங்கும் வங்கிகளுக்கு விடுமுறை அறிவித்தார். கணக்குகள் ஆராயப்பட்டு, நிலையான வங்கிகள் மட்டும் திறக்கப்படும் என்று சட்டம் இயற்றப்பட்டது. 12-ஆம் நாள் இரவு வானொலியில் மக்களிடம் பேசினார். வங்கி என்றால் என்ன, போட்ட பணம் எங்கே செல்கிறது, ஏன் எல்லோரும் ஒரே நாளில் எடுத்தால் கிடைக்காது என்பதையெல்லாம் எளிய குடும்பத்தாருக்கும் புரியும்படி விளக்கினார். மறுநாள் வங்கிகள் திறந்தபோது, பணத்தை எடுக்க நின்ற வரிசை, போடுவதற்கான வரிசையாக மாறியிருந்தது. அச்சத்தால் வீட்டில் பதுக்கியிருந்த பணத்தின் பெரும்பகுதி சில வாரங்களில் வங்கிக்குத் திரும்பியது. நடக்க முடியாத ஒருவரின் குரல், அச்சத்தில் உறைந்த ஒரு தேசத்தை நடக்கச் செய்தது எனலாம்.

முதல் நூறு நாட்களில் 15 முக்கியச் சட்டங்கள் நிறைவேறின. வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு காடுகளில் மரம் நடும் படை அமைக்கப்பட்டது. 1942 வரை சுமார் 30 லட்சம் இளைஞர்கள் அதில் பணிபுரிந்தனர். டென்னசி நதிப் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டப்பட்டன. வார்ம் ஸ்பிரிங்ஸில் தங்கியிருந்த காலத்தில், மின்சாரமின்றி இருளில் கிடந்த பண்ணை வீடுகளை அவர் நேரில் பார்த்திருந்தார். 1935-இல் கிராமங்களுக்கு மின்சாரம் வழங்கும் துறை தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் நாள் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. முதியோர், வேலையிழந்தோர், ஆதரவற்ற குழந்தைகள், பார்வையற்றோர் ஆகியோருக்கு உதவுவது அரசின் கடமையாயிற்று. பண்ணைத் தொழிலாளர்களும் வீட்டுப் பணியாளர்களும் அதில் முதலில் சேர்க்கப்படவில்லை என்பது அச்சட்டத்தின் குறை.

எல்லாம் வெற்றியாகவே முடிந்தன என்று எண்ண வேண்டாம். 1937-இல் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் எண்ணிக்கையை உயர்த்த முயன்று தோற்றார். அதே ஆண்டில் அரசுச் செலவைக் குறைத்ததும் ஒரு காரணமாகப் பொருளாதாரம் மீண்டும் சரிந்தது. வேலையின்மை முற்றிலும் நீங்கியது போர்க்கால உற்பத்தி தொடங்கிய பின்னரே.

மறைக்கப்பட்ட நாற்காலி

1936 ஜூன் 27-ஆம் நாள் பிலடெல்பியா நகரில் நடந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறியாக வேண்டும். லட்சம் பேர் கூடிய திடல். மகனின் கையைப் பற்றியபடி மேடை நோக்கிச் சென்றவர், எட்வின் மார்க்கம் என்னும் முதிய கவிஞரைக் கண்டு கை நீட்டினார். அந்நேரம் காலிப்பரின் பூட்டு விலகியது. அவர் கீழே சாய்ந்தார். பேச்சுத் தாள்கள் சிதறின. பாதுகாவலர்கள் சூழ்ந்து மறைத்துத் தூக்கி நிறுத்தினர். உடையைத் தட்டிவிட்டு, தாள்களை வரிசைப்படுத்திக் கொண்டு மேடையேறியவர், தம் வாழ்வின் சிறந்த உரைகளுள் ஒன்றை ஆற்றினார். கூட்டத்தில் பெரும்பாலோருக்கு அவர் விழுந்ததே தெரியாது.

அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் படங்கள் மிகச் சிலவே உள்ளன. படம் எடுக்க வேண்டாம் என்று பத்திரிகையாளர்கள் கேட்டுக் கொள்ளப்பட்டனர். மீறினால் பாதுகாவலர்கள் தடுத்தனர். சாதாரண உணவு மேசை நாற்காலியின் அடியில் சக்கரங்கள் பொருத்தித் தமக்கென ஒன்றைச் செய்து கொண்டிருந்தார். கைகளாலேயே இயக்கும் காரையும் ஓட்டினார். அவருக்கு ஊனம் உண்டு என்பது மக்களுக்குத் தெரியும். அதன் அளவு தெரியாது.

இது பொய்யா, தேவையா என்று இன்றும் விவாதிக்கின்றனர். நாம் வேறொன்றைக் கேட்கிறோம். கால் இயங்காதவருக்கு மூளையும் இயங்காது என்று ஒரு சமுதாயம் எண்ணினால், அவர் தம் நாற்காலியை மறைக்காமல் என்ன செய்வார்? இங்கே வெட்கப்பட வேண்டியவர் யார்? வாஷிங்டனில் 1997-இல் அவருக்கு எழுப்பப்பட்ட நினைவிடத்திலும் நாற்காலி தெளிவாகக் காட்டப்படவில்லை. மாற்றுத் திறனாளிகள் அதை எதிர்த்து நிதி திரட்டியதன் பயனாக, சக்கர நாற்காலியில் அமர்ந்த சிலை 2001-இல் நிறுவப்பட்டது.

இரண்டாம் நெருக்கடி

1941 டிசம்பர் 7-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் பேர்ல் ஹார்பரைத் தாக்கியதில் 2,400-க்கும் அதிகமானோர் மாண்டனர். மறுநாள் மகன் ஜேம்ஸின் கையைப் பற்றியபடி அவர் காங்கிரஸ் அவைக்குள் நுழைந்து, நின்றபடியே போர்ப் பிரகடனம் கோரினார். அதற்குப் பின் அவர் சென்ற பயணங்கள் நலமுள்ளவருக்கும் கடினமானவை. 1943-இல் காசாபிளாங்காவுக்கும் டெஹ்ரானுக்கும், 1945 பிப்ரவரியில் யால்டாவுக்கும் சென்றார்.

இப்போர்க் காலத்தில் அவர் செய்த பெருந்தவறு ஒன்று உண்டு. 1942 பிப்ரவரி 19-இல் அவர் இட்ட ஆணையால், ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு வாசல்களிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்களே. 1988-இல் அமெரிக்க அரசு இதற்காக மன்னிப்புக் கேட்டு, உயிருடன் இருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் வழங்கியது. அச்சத்தை வெல்லக் கற்றுத் தந்தவரே, ஒரு வேளையில் அச்சத்திற்கு இணங்கி ஒரு சமுதாயத்தையே சந்தேகித்தார். இதை நம்மைவிட நன்கு உணரக் கூடியவர் எவர்?

மன்னருக்கு அளித்த நாற்காலி

யால்டாவிலிருந்து திரும்பும் வழியில், 1945 பிப்ரவரி 14-ஆம் நாள், சூயஸ் கால்வாயின் கிரேட் பிட்டர் ஏரியில் நின்ற குவின்சி என்னும் போர்க்கப்பலில் சவூதி மன்னர் அப்துல் அஜீஸ் இப்னு சவூதை ரூஸ்வெல்ட் சந்தித்தார். ஜித்தாவிலிருந்து மற்றொரு அமெரிக்கப் போர்க்கப்பலில் மன்னர் வந்தார். அதன் மேல்தளத்தில் கம்பளம் விரித்துக் கூடாரம் அடிக்கப்பட்டிருந்தது. உணவுக்காக ஆடுகளும் ஏற்றப்பட்டிருந்தன. கப்பல் அதிகாரிகள் கிப்லாவின் திசையைக் கணித்துக் கூற, மன்னரும் உடன் வந்தோரும் தொழுகையை நிறைவேற்றினர். தீவிரமாகப் புகைபிடிக்கும் பழக்கமுள்ள ரூஸ்வெல்ட், மன்னருக்கு மரியாதை செய்யும் பொருட்டு அவர் முன்னிலையில் புகைபிடிக்கவில்லை என்று மொழிபெயர்ப்பாளராக இருந்த வில்லியம் எடி எழுதி வைத்துள்ளார்.

பழைய போர்க்காயங்களால் மன்னருக்கும் நடப்பது சிரமமாக இருந்தது. இருவரும் தத்தம் உடல் நிலையைப் பகிர்ந்து கொண்டனர். ரூஸ்வெல்ட்டின் சக்கர நாற்காலியை மன்னர் வியந்து நோக்கியதைக் கண்டு, தம்மிடமிருந்த மற்றொரு நாற்காலியை அவருக்கே அன்பளிப்பாக வழங்கினார். மன்னர் அதைப் பெருமதிப்புடன் ரியாத் அரண்மனையில் வைத்திருந்தார். தம் நாட்டு மக்களின் கண்ணில் படாமல் மறைத்த நாற்காலியை, அரபு மன்னர் ஒருவருக்கு அவர் கூச்சமின்றித் தந்தார்.

அச்சந்திப்பில் பலஸ்தீனப் பிரச்சினையும் பேசப்பட்டது. ஐரோப்பாவில் துன்புற்ற யூதர்களைப் பலஸ்தீனில் குடியேற்ற மன்னர் இசைய வேண்டுமென ரூஸ்வெல்ட் கேட்டார். துன்புறுத்தியவர்களின் நிலத்தையே அவர்களுக்கு வழங்குவதுதான் நீதி என்று கூறி மன்னர் உறுதியாக மறுத்துவிட்டார். அரபு மக்களுக்கு எதிராக எதுவும் செய்யப் போவதில்லை என்று ரூஸ்வெல்ட் வாக்களித்தார். ஏப்ரல் 5-ஆம் நாளிட்ட கடிதத்திலும் அதை உறுதிப்படுத்தினார். யூதத் தலைவர்களுக்கும் அவர் ஆதரவு மொழிகளைக் கூறியிருந்தார் என்பதும் வரலாறு. ஒரு வாரத்தில் அவர் இறந்தார். அவருக்குப் பின் வந்த ட்ரூமன் 1948 மே 14-இல் இஸ்ரேலை அங்கீகரித்தார்.

முதன்முறையாகச் சொன்ன உண்மை

1944 மார்ச்சிலேயே இதயம் பலவீனமடைந்ததையும் இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதையும் மருத்துவர்கள் கண்டறிந்திருந்தனர். 1945 மார்ச் 1-ஆம் நாள் காங்கிரஸ் அவையில் அவர் முதன்முறையாக அமர்ந்தபடி பேசினார். அதற்காகப் பொறுத்துக் கொள்ளுமாறு வேண்டி, கால்களில் சுமார் பத்து ராத்தல் இரும்பைச் சுமந்து நிற்பது எவ்வளவு சிரமம் என்பதைக் குறிப்பிட்டார். இருபத்து மூன்றரை ஆண்டுகள் சுமந்த பாரத்தை அன்றுதான் அந்த அவையில் வாய் திறந்து சொன்னார்.

ஆறு வாரங்களில், ஏப்ரல் 12-ஆம் நாள், வார்ம் ஸ்பிரிங்ஸில் ஓவியர் ஒருவர் தம்மை வரைந்து கொண்டிருக்கையில் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு மயங்கிச் சாய்ந்து மரணமடைந்தார். வயது 63. ஜெர்மனி சரணடைவதைக் காண அவருக்கு இன்னும் ஒரு மாதம் கூடக் கிடைக்கவில்லை. அந்த ஓவியம் முற்றுப் பெறாமலே இன்றும் அங்கு இருக்கிறது.

இரு சொட்டு மருந்தும் நாமும்

1938-இல் அவர் போலியோ ஒழிப்புக்காக ஓர் அறக்கட்டளையை நிறுவினார். ஒவ்வொருவரும் பத்து சென்ட் நாணயம் ஒன்றை அனுப்புமாறு மக்களிடம் வேண்டப்பட்டது. சிறுவர்களும் ஏழைகளும் அனுப்பிய சுமார் 26 லட்சத்து 80 ஆயிரம் நாணயங்கள் வெள்ளை மாளிகைக்கு வந்து குவிந்தன. அவ்வாறு சேர்ந்த நிதியின் உதவியால் ஜோனஸ் சால்க் கண்ட தடுப்பூசி பயன் தரும் என்னும் அறிவிப்பு, 1955 ஏப்ரல் 12-இல், ரூஸ்வெல்ட் இறந்த பத்தாம் ஆண்டு நாளில் வெளியாயிற்று. ஆல்பர்ட் சேபின் கண்ட சொட்டு மருந்து ஆராய்ச்சிக்கும் அந்த அறக்கட்டளை நிதி அளித்தது.

நம் நாட்டில் 1995 முதல் முகாம்களில் குழந்தைகளுக்குப் புகட்டப்பட்டது அந்தச் சொட்டு மருந்தே. அது குறித்துச் சில பகுதிகளில் நம் மக்களிடையே ஐயங்கள் பரவியதும், உலமாக்கள் பலர் முன்வந்து அவற்றைக் களைந்ததும் நாம் அறிந்தவையே. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட குழந்தையே நம் நாட்டில் இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி. 2014 மார்ச் 27-இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்றளிக்கப்பட்டது. நம் மத்ரஸாத் தோழருக்கு ஏற்பட்டது நம் பேரக்குழந்தைகளுக்கு ஏற்படாமல் காக்கப்படுகிறது. அண்டை நாடுகளில் அந்நோய் முற்றிலும் ஒழியாததால், சொட்டு மருந்து கொடுப்பதில் அலட்சியம் காட்டலாகாது.

ஜமாஅத் பெருமக்களே! நம் மஹல்லாவிலும் கால் இயலாதவர், கண் தெரியாதவர், காது கேளாதவர் இருக்கின்றனர். அவர்களில் சிலரை வெள்ளிக்கிழமையிலும் பள்ளிவாசலில் நாம் காண்பதில்லை. அவர்கள் வர விரும்பாததாலா, அல்லது ஒளுச் செய்யும் இடத்திற்கும் தொழும் இடத்திற்கும் இடையே நாம் கட்டி வைத்த படிகளாலா? திருமணம் பேசும்போது வீட்டின் உள்ளறையில் இருக்கச் சொல்லப்படும் பிள்ளை எந்த வீட்டிலாவது உண்டா? அப்படி ஒரு பிள்ளை இருப்பின், சாரா அம்மையாரைப் போல் அன்பால் அதை ஓரத்தில் அமர்த்தப் போகிறோமா, எலியனோரையும் லூயி ஹோவையும் போல் அதன் கையைப் பற்றி வெளியே அழைத்து வரப் போகிறோமா?

ஸப்ர் என்பது முடங்கிக் கிடப்பதன்று. இருப்பதைக் கொண்டு இயன்றதைச் செய்து கொண்டே இருப்பது. ரூஸ்வெல்ட்டின் கால்கள் கடைசி வரை குணமாகவில்லை. ஆயினும் அவர் தம் பணியை நிறுத்தவில்லை. நம் தோழர் இன்று ஒரு மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறார். அங்கும் மாடிப்படிகள் இருக்கின்றன. இப்போதும் அவர் தாமதமாகச் செல்வதில்லை என்றே கேள்விப்படுகிறோம்.